அரசியல் பாடத்தில் ஆட்டம் ஆடலாமா?



தமிழ்ப்பள்ளி ஆசிரியனுக்குப் பல்கலைக்கழகத்து அரசியல் பாடத்தில் என்ன வேலை என்று சிலர் கேட்கக்கூடும். கேட்பது முறைதான். ஆனால், ஆறாம் ஆண்டு முடித்து நாம் வழியனுப்பும் பிள்ளைகள் அடுத்த ஆறே ஆண்டுகளில் வாக்காளர்களாகி விடுகிறார்கள். அவர்களுள் சிலர் பல்கலைக்கழகத்தில் அரசியலையே பாடமாக எடுத்துப் படிக்கிறார்கள். அங்கே அப்பாடம் எப்படிக் கற்பிக்கப்படுகிறது என்பது நமக்கும் உரிய கவலைதான். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

சென்ற தீபாவளி விடுமுறையின்போது முன்னாள் மாணவர்கள் எழுவர் புக்கிட் மெர்தாஜாமில் உள்ள என் வீட்டிற்கு வந்திருந்தனர். ஒருவர் அரசாங்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் இரண்டாம் ஆண்டு அரசியல் மாணவர். மற்றவர்கள் கணக்கியல், தாதிமை, பொறியியல் என்று பல துறையினர். முறுக்கும் தேநீருமாகப் பேச்சு நீண்டு, 2022 பொதுத்தேர்தலில் வந்து நின்றது. "எல்லாரும் பதவிக்காகச் சேர்ந்தார்கள் ஐயா, வேறென்ன இருக்கிறது?" என்றார் பொறியியல் மாணவர். நம் தேநீர்க் கடைகளில் நாள்தோறும் கேட்கும் தீர்ப்புதான் அது.

அரசியல் மாணவர் மறுத்தார். வில்லியம் ரைக்கர் என்னும் அமெரிக்க அறிஞர் அரசியல் கூட்டணிகளைப் பற்றி 1962ஆம் ஆண்டில் ஒரு நூல் எழுதியிருக்கிறார். வெற்றிக்கு எவ்வளவு தேவையோ அவ்வளவு கூட்டாளிகளைத்தான் சேர்ப்பார்கள். மிகுதியாகச் சேர்த்தால் பங்கு குறைந்துவிடும் என்பது அவருடைய கோட்பாடு. மாணவர் அதை அழகாக எடுத்துரைத்தார். தேர்விலும் எழுதியிருக்கிறாராம்.

நான் ஒன்று கேட்டேன்: "நம் மக்களவையில் 222 இடம். ஆட்சி அமைக்க 112 போதும். அப்படியானால் 2022இல் அமைந்த அரசு 148 பேரை ஏன் சேர்த்துக்கொண்டது?"

அவரிடம் விடை இல்லை. என்னிடமும் முழு விடை இல்லை. ஆனால், அடுக்களையில் புளியங்கொட்டை இருந்தது.

புளியங்கொட்டை நாடாளுமன்றம்

பல்லாங்குழிக்காக என் தாயார் சேர்த்து வைத்திருந்த கொட்டைகளிலிருந்து 222ஐ எண்ணி எடுத்தோம். 15ஆவது பொதுத்தேர்தலின் முடிவுப்படி, ஒத்திவைக்கப்பட்ட பாடாங் செராய் தொகுதியையும் சேர்த்து, ஏழு குவியலாகப் பிரித்தோம். பக்காத்தான் ஹராப்பானும் அதன் தோழமைக் கட்சியான மூடாவும் 82. பெரிக்காத்தான் நேஷனல் 74. தேசிய முன்னணி 30. சரவாக் கட்சிகளின் கூட்டணி 23. சபா மக்கள் கூட்டணி 6. வாரிசான் 3. சிறு கட்சியினரும் சுயேச்சைகளும் 4. எழுவர் இருந்தனர்; ஏழு குவியல். யாருக்கு எது என்பதைச் சீட்டுக் குலுக்கிப் போட்டு முடிவு செய்தோம். ஆளுக்கு ஐந்து 'பதவிச் சீட்டு'களும் கொடுத்தேன்.

முதல் சுற்றுக்கு விதி இதுதான்: ஒரு பதவிச் சீட்டைக் கொடுத்தால், பிறர் குவியலிலிருந்து ஒரு கொட்டையை எடுத்துக்கொள்ளலாம். அதாவது, கட்சித் தாவலுக்குத் தடையில்லாத 2020ஆம் ஆண்டின் நிலை. அவ்வாண்டு பிப்ரவரியில், 2018 மே மாதம் ஆட்சிக்கு வந்த கூட்டணி தேர்தல் ஏதுமின்றியே கவிழ்ந்தது. மார்ச் முதல் நாள் வேறொருவர் பிரதமரானார்.

82ஐ வைத்திருந்த கணக்கியல் மாணவி 30ஐ வைத்திருந்தவரோடு சேர்ந்து 112 ஆக்கினார். கைதட்டல் ஓயுமுன் ஒரு சீட்டு கைமாறிற்று, ஒரு கொட்டை போயிற்று, 111. அரசு கவிழ்ந்தது. முதலில் சீட்டை நீட்டியவர் யார் தெரியுமா? "எல்லாரும் பதவிக்காகச் சேர்ந்தார்கள்" என்ற அதே பொறியியல் மாணவர். அரை மணி நேரத்திற்குள் நான்கு அரசுகள் அமைந்து நான்கும் விழுந்தன. நல்ல பிள்ளைகள், ஒரே வகுப்பில் படித்த நண்பர்கள். ஆயினும், ஒருவர் கொட்டையை மற்றவர் பறிப்பதில் எவரும் பின்வாங்கவில்லை.

இரண்டாம் சுற்றுக்கு ஆள்களை மாற்றவில்லை, கொட்டைகளையும் மாற்றவில்லை. விதியை மட்டும் மாற்றினேன். இனிக் குவியல் முழுமையாகத்தான் நகரலாம். தனிக்கொட்டை நகர முடியாது. இது 2022 அக்டோபர் 5ஆம் நாள் நடப்புக்கு வந்த கட்சித் தாவல் தடைச் சட்டத்தின் எளிய வடிவம்.

மீண்டும் 82உம் 30உம் சேர்ந்து 112. இம்முறை கொட்டை திருடு போகவில்லை. ஆனால், 30ஐ வைத்திருந்தவருக்குத் தம் வலிமை தெரிந்துவிட்டது. முதலில் இரண்டு பதவிச் சீட்டு கேட்டார். பிறகு நான்கு கேட்டார். "நான் எழுந்து போனால் அரசு இல்லை" என்றார். கணக்கியல் மாணவி சினந்து மற்றவர்களிடம் திரும்பினார். சரவாக்கின் 23 வந்தது; சபாவின் 6 வந்தது. கூட்டிப் பார்த்தார்: 111. ஒன்று குறைகிறது.

அப்போதுதான் எல்லார் பார்வையும் மூலையில் அமர்ந்திருந்த தாதிமை மாணவியின் பக்கம் திரும்பியது. அதுவரை அவர் வாயே திறக்கவில்லை. "என்னிடம் மூன்றுதானே இருக்கிறது" என்று ஒதுங்கியிருந்தார். இப்போது அந்த மூன்று இல்லாமல் அரசு இல்லை. அவர் சேர்ந்தார், 114. நான்கு கொட்டைக்காரரும் வந்தார். தனித்து விடப்படுவோமோ என்றஞ்சி 30 கொட்டைக்காரரும் பழைய விலையைக் குறைத்துக்கொண்டு திரும்பினார். எண்ணினோம். 148.

74ஐ வைத்துக்கொண்டு எதிரணியில் தனியே நின்றவர் அந்த அரசியல் மாணவர்தாம். அவரே விரல்விட்டுக் கணக்குப் போட்டார். "112 இருந்தால் எந்தக் கூட்டாளி விலகினாலும் அரசு விழும். 148 இருந்தால் 30 விலகினாலும் 118; 23 விலகினாலும் 125. எவராலும் தனியாகக் கவிழ்க்க முடியாது. மிகுதியாகச் சேர்ப்பது மிரட்டலுக்கு ஆளாகாமல் இருக்கத்தான்." சற்று நேரம் கழித்து மேலும் சொன்னார்: "நான் அந்த 30ஐ இழந்தபோதே தோற்றுவிட்டேன் ஐயா. மற்ற நால்வரையும் சேர்த்தாலும் எனக்கு 110தான்."

ஆட்டம் சொன்ன இவ்விடை முழு உண்மை என்று நான் சாதிக்க வரவில்லை. அந்த நவம்பரில் மாமன்னர் ஒற்றுமை அரசு அமைக்குமாறு கேட்டுக்கொண்டதும், கட்சிகளுக்கிடையே இருந்த பழம்பகையும், வாக்காளர்களின் சினமும் புளியங்கொட்டைக்குள் அடங்கமாட்டா. ஆனாலும், ஓர் அரையாண்டு விரிவுரையில் எழாத கேள்வி ஒரு மாலைப்பொழுதில் எழுந்தது. தாம் மனப்பாடம் செய்த கோட்பாடு எங்கே பொருந்துகிறது, எங்கே பொருந்தவில்லை என்பதை அம்மாணவரே கண்டுகொண்டார்.

இது புதிய வழியன்று

அரசியலைப் பாவனை ஆட்டமாக ஆடிக் கற்பது பல்கலைக்கழகங்களுக்குப் புதியதன்று. அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் ஹெரால்ட் கெட்ஸ்கோவ் என்னும் பேராசிரியர் 1950களின் பிற்பகுதியிலேயே, மாணவர்கள் கற்பனை நாடுகளின் தலைவர்களாக அமர்ந்து முடிவெடுக்கும் ஆட்டத்தை வகுத்தார். 1969இல் கேரி ஷர்ட்ஸ் என்பவர் 'ஸ்டார்பவர்' என்னும் ஆட்டத்தை உருவாக்கினார். அதில் வண்ணச் சில்லுகளைப் பண்டமாற்றுச் செய்து புள்ளி சேர்க்க வேண்டும். ஆடுவோர் மூன்று குழுவாகப் பிரிவர். ஓரளவு ஆடிய பின், முன்னணியில் உள்ள குழு இனி விதிகளைத் தானே வகுத்துக்கொள்ளலாம் என்று அறிவிப்பார்கள். அக்குழு பெரும்பாலும் தன் முன்னிலையைக் காக்கும் விதிகளையே வகுக்கும். பின்தங்கியோர் கொதித்தெழுவர், அல்லது சோர்ந்து விலகுவர். தொடக்கத்திலேயே நல்ல சில்லுகள் ஒரு குழுவுக்கு மட்டும் வழங்கப்பட்டிருந்தன என்பது ஆட்டம் முடிந்த பிறகுதான் தெரியவரும். தம் திறமையால் வென்றதாக நினைத்திருந்தவர்களுக்கு அது பெரிய பாடம்.

இந்தியாவில் 1966-67ஆம் ஆண்டிலேயே தில்லிப் பள்ளிகளில் இளையோர் நாடாளுமன்றப் போட்டி தொடங்கப்பெற்றது. நம் நாட்டிலும் 2020 ஜூலை 4, 5 ஆகிய நாள்களில் 222 இளையோர் இணையவழி கூடி 'டிஜிட்டல் நாடாளுமன்றம்' நடத்தினர். கோவிட் காலத்தில் உண்மையான நாடாளுமன்றம் அவ்வாண்டு மே 18ஆம் நாள் ஒரே ஒரு நாள் மட்டும் கூடிக் கலைந்திருந்த நிலையில், தொலைவிலிருந்தும் கூட முடியும் என்று இளையோர் காட்டினர்.

நம் முன்னோரும் பரமபதத்தை வெறும் பொழுதுபோக்காக வைக்கவில்லை. ஏணியும் பாம்பும் நல்வினை தீவினையைக் கற்பித்தன. ஆனால், பரமபதத்தில் தாயக்கட்டைதான் வழிநடத்தும். அரசியலில் வழிநடத்துவது விதி. தலைவிதியன்று, மனிதர் எழுதிவைத்த விதி. அதை மாற்றி எழுதவும் மனிதரால் முடியும். அரசியல் பாடம் கற்பிக்க வேண்டிய முதன்மையான உண்மை இதுவே என்பது என் கருத்து.

நமக்கு இது ஏன் முக்கியம்?

இதைக் கேளிக்கையாக எண்ணாதீர்கள். நம் நாட்டில் இதற்கு ஒரு வரலாறு உண்டு.

1974 டிசம்பரில், இங்கிருந்து வெகுதொலைவில் இல்லாத கெடாவின் பாலிங்கில் ரப்பர் விலை வீழ்ச்சியால் வாடிய சிறுதோட்டக்காரர்களின் வறுமை, மாணவர்களைத் தெருவுக்கு இழுத்தது. அப்போது கைதாகி 1976 வரை தடுப்புக்காவலில் இருந்தவர்களுள் ஒருவர், எங்கள் ஊர் செரோக் தோக்குனில் பிறந்த அன்வார் இப்ராகிம். 2022 நவம்பரில் பிரதமரானவர். அந்தப் போராட்டத்திற்குப் பின் 1975இல், பல்கலைக்கழகங்கள், பல்கலைக்கழகக் கல்லூரிகள் சட்டம் கடுமையாக்கப்பட்டது. மாணவர்கள் கட்சி அரசியலின் பக்கமே தலைகாட்டக் கூடாது என்றானது.

2010 ஏப்ரலில் உலு சிலாங்கூர் இடைத்தேர்தல் நடந்தபோது அத்தொகுதிக்குச் சென்ற மலேசியத் தேசியப் பல்கலைக்கழக மாணவர் நால்வர் மீது இச்சட்டத்தின்கீழ் ஒழுங்கு நடவடிக்கை எடுக்கப்பட்டது. அவர்கள் படித்தது எந்தப் பாடம் என்று நினைக்கிறீர்கள்? அரசியல் அறிவியல்! தாவரவியல் மாணவன் தோட்டத்திற்குப் போனதற்குத் தண்டனை கொடுப்பது போன்ற கதை. அவர்கள் நீதிமன்றம் சென்றனர். 2011 அக்டோபர் 31ஆம் நாள் மேல்முறையீட்டு நீதிமன்றம், இருவருக்கு ஒருவர் என்ற பெரும்பான்மையில், அந்த விதி அரசமைப்புச் சட்டத்திற்கு முரணானது என்று தீர்ப்பளித்தது. 2012இல் மாணவர்கள் கட்சிகளில் சேர வழி பிறந்தது. வளாகத்திற்குள் கட்சி நடவடிக்கை கூடாது என்ற தடையை 2018 டிசம்பரில் மக்களவை நிறைவேற்றிய திருத்தம் நீக்கிற்று.

அடுத்த ஆண்டே, 2019 ஜூலை 16ஆம் நாள், வாக்குரிமை வயதை 21இலிருந்து 18ஆகக் குறைக்கும் அரசமைப்புத் திருத்தத்தை மக்களவையில் 211 பேர் ஆதரித்தனர். 2021 டிசம்பர் 15 முதல் அது தானியங்கிப் பதிவோடு நடப்புக்கு வந்தது. 2018இல் ஏறத்தாழ 1 கோடியே 49 இலட்சமாக இருந்த வாக்காளர் தொகை 2022இல் 2 கோடியே 11 இலட்சமாயிற்று.

ஆக, ஒரு தலைமுறைக்கு மேலாக அரசியலைத் தொடாதே என்று சொல்லி வளர்த்துவிட்டு, திடீரென்று வாக்குச்சீட்டைக் கையில் கொடுத்திருக்கிறோம். வாகனம் ஓட்டுவதற்குக்கூடப் பயிற்சிக் களம் இருக்கிறது. வாக்குக்குப் பயிற்சிக் களம் எங்கே?

நம்மவர்க்கு இது இன்னும் நெருக்கமான செய்தி. மக்கள் தொகையில் நாம் ஏழு விழுக்காட்டுக்கும் சற்றுக் குறைவு. 222 தொகுதிகளுள் இந்தியர் பெரும்பான்மையாக உள்ள தொகுதி ஒன்றுகூட இல்லை. தலையெண்ணிக்கையால் நாம் வெல்ல முடியாது. பேரம் பேசும் அறிவால்தான் எதையும் பெற முடியும். ஆனால், நம் அரசியல் பேச்சோ யார் நல்லவர், யார் துரோகி என்பதைத் தாண்டுவதில்லை. தாவியவனைத் தவளை என்று ஏசுவதோடு நம் ஆராய்ச்சி முடிந்துவிடுகிறது. தாவலுக்கு வழிவிட்ட விதி எது, அதை யார் எப்போது மாற்றினார்கள் என்று கேட்பதில்லை. நம் பினாங்கு மாநிலம் 2012இலேயே தன் அரசமைப்பில் கட்சித் தாவலுக்குத் தடை எழுதியது என்பது நம்முள் எத்தனை பேருக்குத் தெரியும்?

எங்கள் இரண்டாம் சுற்றுக்குப் பின் பொறியியல் மாணவர் ஓர் ஐயம் எழுப்பினார்: "குவியலை விட்டு விலகாமல், இருந்த இடத்திலிருந்தே மறுபக்கத்திற்கு ஆதரவு தெரிவித்தால்?" 2023 அக்டோபர் முதல் பெர்சத்து கட்சியின் மக்களவை உறுப்பினர் அறுவர், கட்சியை விட்டு விலகாமலேயே, ஒருவர் பின் ஒருவராகப் பிரதமருக்கு ஆதரவு தெரிவித்தனர், தம் இடங்களை இழக்கவுமில்லை. சட்ட வல்லுநர்கள் எழுதிய விதியிலிருந்த அந்த ஓட்டையை, புளியங்கொட்டை ஆடிய ஒரு பொறியியல் மாணவர் கேள்வியாகவே கேட்டுவிட்டார். விதியை ஆராயும் கண் ஆடினால்தான் திறக்கிறது.

மறுப்புகள்

இவ்வழிக்கு மறுப்புகள் உண்டு. அவற்றுள் சில நியாயமானவை.

முதலாவது, நேரம். பாடத்திட்டம் முடிய வேண்டும், தேர்வு வரும் என்பர். உண்மைதான். ஆட்டம் விரிவுரைக்கு மாற்றாகாது. செய்திகளை மனத்தில் நிறுத்துவதில் ஆட்டம் விரிவுரையை விஞ்சுகிறது என்று ஆய்வுகள் ஒருமுகமாகச் சொல்லவுமில்லை. ரைக்கரைப் படிக்காமல் வந்திருந்தால் எங்கள் அரசியல் மாணவருக்கும் அந்த 148 ஒரு வெறும் எண்ணாகவே இருந்திருக்கும். படிப்பு முதலில், ஆட்டம் அதை உரசிப் பார்க்கும் கல்.

இரண்டாவது, எல்லாவற்றையும் ஆட்டமாக்கலாமா? கூடாது. 1969 மே 13ஐ எடுத்துக்கொண்டு, நீ தாக்குபவன், நீ தாக்கப்பட்டவன் என்று மாணவர்களுக்குப் பாத்திரம் பிரித்துக் கொடுப்பது கொடுமை. மக்கள் மாண்டுபோன துயரத்தை மதிப்பெண்ணுக்கு நடிக்கக் கூடாது. அதைப் படிக்க வேண்டும், பேச வேண்டும், ஆடக் கூடாது.

மூன்றாவது, ஆட்டத்திலேயே நிறைவு கண்டு உண்மை அரசியலை மறந்துவிடும் அபாயம். போலி நாடாளுமன்றத்தில் கோட்டும் சூட்டும் அணிந்து முழங்கிவிட்டு, மாணவர் பேரவைத் தேர்தலில் வாக்களிக்கச் செல்லாதவர்களை நானும் அறிவேன். ஐக்கிய நாட்டு மன்றத்தைப் பாவனை செய்யும் போட்டிகள் நம் நாட்டில் நிறைய நடக்கின்றன. ஆங்கிலப் புலமையும் கட்டணம் கட்ட வசதியும் உள்ள பிள்ளைகளே அங்கு மிகுதி. தோட்டப்புறத்திலிருந்து வந்த பிள்ளை அங்கே பார்வையாளர்தான். தொலைதூர நாட்டின் தூதராக நடிப்பதைக் குறை சொல்லவில்லை. ஆனால், நம் மக்களவை எப்படி இயங்குகிறது என்பதை முதலில் ஆடிப் பார்க்க வேண்டாமா?

விரிவுரையாளர்களுக்கு ஒரு விண்ணப்பம்

பள்ளி ஆசிரியன் பேராசிரியர்களுக்கு அறிவுரை சொல்வது மிகை என்றால் பொறுத்தருள்க. முப்பது பிள்ளைகளை ஓர் அறையில் வைத்து ஆட்டம் நடத்திய அனுபவத்தில் சொல்கிறேன்.

ஒன்று: ஒரே ஆட்டத்தை, ஆள்களை மாற்றாமல், விதியை மட்டும் மாற்றி இருமுறை ஆடச் செய்யுங்கள். ஒருமுறை ஆடினால், வென்றவர் கெட்டிக்காரர் என்றுதான் மாணவர் நினைப்பர். இருமுறை ஆடினால்தான் விதியின் வேலை கண்ணுக்குத் தெரியும்.

இரண்டு: பாத்திரங்களைச் சீட்டுக் குலுக்கிக் கொடுங்கள். இந்திய மாணவருக்கு ம.இ.கா.வும் சீன மாணவருக்கு ஜ.செ.க.வும் என்று ஒதுக்கினால், நாம் உடைக்க வேண்டிய பழக்கத்தையே வளர்த்தவர்கள் ஆவோம். எங்கள் அரசியல் மாணவர் தமக்குச் சற்றும் பிடிக்காத அணிக்காக இரண்டு மணி நேரம் வாதாடினார். "இன்னும் பிடிக்கவில்லை, ஆனால், அவர்கள் ஏன் அப்படிப் பேசுகிறார்கள் என்பது விளங்குகிறது" என்றார். அதற்குமேல் வேறென்ன வேண்டும்?

மூன்று: ஆடிய நேரம் எவ்வளவோ, அவ்வளவு நேரம் ஆட்டத்தைப் பற்றிப் பேச ஒதுக்குங்கள். பேசாத ஆட்டம் கேளிக்கையாகவே முடியும். எது உண்மையோடு பொருந்தியது, எது பொருந்தவில்லை, ஆட்டம் எதை மறைத்தது என்று எழுதச் சொல்லுங்கள். அந்த எழுத்துக்கு மதிப்பெண் கொடுங்கள், வெற்றிக்குக் கொடுக்காதீர்கள். வெற்றிக்குக் கொடுத்தால் ஏமாற்றுவதற்குக் கொடுத்ததாகிவிடும்.

இருநூறு பேர் அமரும் விரிவுரை மண்டபத்தில் இது முடியாது. இருபது பேர் அமரும் பயிற்சி வகுப்பில் முடியும். செலவும் இல்லை. எங்களுக்குச் செலவானது புளியங்கொட்டையும் பழைய நாள்காட்டித் தாளில் வெட்டிய சீட்டுகளும்தான்.

அன்றிரவு விடைபெறும்போது தாதிமை மாணவி வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே கேட்டார்: "ஐயா, எனக்கு முன்னால் அந்த நான்கு கொட்டைக்காரர் போயிருந்தால் என் மூன்றை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள், இல்லையா?" கணக்குப் பார்த்தேன். 111உடன் 4 சேர்ந்தால் 115. உண்மைதான் என்றேன். "அப்படியானால் எண்ணிக்கை மட்டும் போதாது, எப்போது வாய் திறக்க வேண்டும் என்பதும் தெரிய வேண்டும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர் அரசியல் மாணவி அல்லர். அடுத்த பொதுத்தேர்தலில் முதன்முறையாக வாக்களிக்கப் போகிறவர். கொட்டைகளை எடுத்து வைத்திருக்கிறேன். அடுத்த விடுமுறைக்கு வரும்போது ஏழு பேரும் இடம் மாறி அமர்ந்து ஆடுவதென்று முடிவாகியிருக்கிறது.